போன சீசன் பட்டியலை வைத்து அடுத்த ரக்பி சீசனைக் கணிக்க முடியுமா?

2024 ஜூனில் இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் கோப்பையைத் தூக்கிய நார்த்தாம்ப்டன் செயின்ட்ஸ், அடுத்த சீசனில் 10 அணிகளில் 8ஆம் இடத்தில் முடித்தது. 2021-22இல் 13 அணிகளில் கடைசியாக நின்ற பாத், 2025 ஜூனில் சாம்பியன் ஆனது. சூப்பர் ரக்பி லீக்கில் ஆடும் நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் இன்னும் விசித்திரம்: 2023இல் சாம்பியன், 2024இல் 14 ஆட்டங்களில் வெறும் 4 வெற்றி, 2025இல் மறுபடியும் சாம்பியன்.

ஒவ்வொரு சீசனும் தொடங்குமுன் கணிப்புகள் வரிசைகட்டி வருகின்றன. ஒருவர் ஒரு கிளப்பை 3ஆம் இடத்தில் வைப்பார், இன்னொருவர் அதையே 8இல் வைப்பார். இருவருமே காரணம் சொல்வார்கள், இரண்டும் நியாயமாகவே இருக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம், எல்லோரும் போன சீசன் பட்டியலில் இருந்து தொடங்குவதுதான். கையில் இருக்கும் சான்றுகளிலேயே பலவீனமான சான்று அந்தப் பட்டியல். அதற்கு அடியில் கிடக்கும் எண்களும், கோடை விடுமுறையில் மாறும் சில விஷயங்களும்தான் அதிகம் பேசுகின்றன.

## அடிப்படை: எந்த லீக், என்ன விதி

பிரீமியர்ஷிப்பில் 10 கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியில் ஒன்று என 18 ஆட்டங்கள் ஆடும். முதல் 4 அணிகள் அரையிறுதிக்குப் போகும். பிரான்சின் டாப் 14இல் 14 கிளப்புகள், 26 சுற்றுகள். முதல் 6 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகும், அதில் முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு. கடைசி அணி இரண்டாம் டிவிஷனான புரோ டி2க்கு இறங்கும். 13ஆவது அணி, புரோ டி2 இறுதிப் போட்டியில் தோற்ற அணியோடு ஓர் ஆட்டம் ஆடித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். யு.ஆர்.சி. எனப்படும் யுனைட்டெட் ரக்பி சாம்பியன்ஷிப்பில் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 16 அணிகள்.

ஆட்டத்துக்குள் எடுப்பதை ஸ்கோர் என்றும், பட்டியலில் சேர்வதைப் புள்ளி என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு 4 புள்ளி, டிராவுக்கு 2. இங்கிலாந்தில் 4 ட்ரை (எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பது) அடித்தால் ஒரு போனஸ் புள்ளி, 7 ஸ்கோர் அல்லது அதற்குள் தோற்றாலும் ஒரு போனஸ். பிரான்சில் எதிரணியைவிட 3 ட்ரை அதிகம் அடித்தால்தான் முதல் போனஸ் கிடைக்கும். தோல்வி போனஸுக்கு வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும்.

இது வெறும் நுணுக்கம் அல்ல. இங்கிலாந்தில் 35-40 என்று தோற்கும் அணி நான்கு ட்ரை அடித்திருந்தால் வெறுங்கையோடு போகாது, 2 புள்ளி வாங்கிக்கொண்டு போகும். அதே ஆட்டம் பிரான்சில் ஒரு புள்ளிதான். ஒரு லீக்கை வைத்துச் செய்த கணக்கை இன்னொரு லீக்கில் அப்படியே பொருத்தினால் இதனாலேயே பிசகும்.

## பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் அதிர்ஷ்டம்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீக்கில் 10 அணிகளும் அச்சு அசலாகச் சம பலம், ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா என்று வைத்துக்கொள்வோம். 18 ஆட்டங்களில் ஓர் அணி சராசரியாக 9 வெற்றி பெறும். ஆனால் எல்லா அணியும் 9இல் நிற்காது. 7 முதல் 11 வெற்றிக்குள் முடிக்கும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம். 12 அல்லது அதற்கு மேல் போக 12 சதவீதம், 6 அல்லது அதற்குக் கீழே விழ 12 சதவீதம்.

பத்து அணிகளுக்கு இதைப் பெருக்கினால், சராசரியாக ஓர் அணியாவது 12 அல்லது அதற்கு மேல் போகும், ஓர் அணியாவது 6 அல்லது அதற்குக் கீழே கிடக்கும். சம பலமுள்ள அணிகளுக்குள்ளேயே இப்படி! அந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் மேலே உள்ள அணியின் 'வெற்றிக் கலாசாரம்' பற்றியும், கீழே உள்ள பயிற்சியாளரின் வேலை பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

நிஜ லீக்கில் அணிகள் சமமல்ல, உண்மை. ஆனால் 18 ஆட்டம் என்பது திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தெடுக்கப் போதாது. இரண்டு மூன்று வெற்றி முன்னே பின்னே போவது சாதாரணம். நெருக்கமான பட்டியலில் அந்த மூன்று வெற்றிதான் 3ஆம் இடத்துக்கும் 8ஆம் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்.

இதிலிருந்து கணிப்பின் முதல் விதி வருகிறது. மேலே முடித்த அணியைக் கொஞ்சம் கீழே இழு, கீழே முடித்த அணியைக் கொஞ்சம் மேலே தூக்கு. புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். எந்த வீரரின் பெயரும் தெரியாமல், இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பட்டியலை அப்படியே நகலெடுப்பவரைவிடப் பெரும்பாலும் நன்றாகக் கணிக்கலாம்.

### ஸ்கோர் வித்தியாசம் ஏன் மேல்

வெற்றி-தோல்வியைவிட, சீசன் முழுக்க எடுத்த ஸ்கோருக்கும் கொடுத்த ஸ்கோருக்கும் உள்ள வித்தியாசம் அணியின் பலத்தைத் தெளிவாகக் காட்டும். ஓர் ஆட்டத்தில் வெற்றி என்பது ஆம் அல்லது இல்லை. ஸ்கோரில் தகவல் அதிகம்.

2022 பிரீமியர்ஷிப் இறுதிப் போட்டியைப் பாருங்கள். லெஸ்டர் டைகர்ஸும் சாரசென்ஸும் 12-12 என்று நிற்கின்றன. கடைசி நிமிடம். காயத்தால் வெளியேறிய ஜார்ஜ் ஃபோர்டுக்குப் பதிலாக வந்த ஃபிரெடி பர்ன்ஸ் ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் தட்டி, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 ஸ்கோர்) உதைக்கிறார். 15-12, லெஸ்டர் சாம்பியன். கோப்பை வரலாற்றில் அது முழு வெற்றி, அதில் தகராறே இல்லை. அடுத்த சீசனில் இரு அணிகளின் பலம் என்ன என்று கேட்டால், அந்த ஆட்டம் சொல்வது ஒன்றுதான்: இரண்டும் சமம். அடுத்த ஆண்டு கோப்பையை வென்றது சாரசென்ஸ்.

7 ஸ்கோருக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். அதில் பெரும்பாலானதை ஜெயித்து மேலே வந்த அணி அடுத்த ஆண்டு சறுக்கலாம். பெரும்பாலானதைத் தோற்ற அணி, யாரையும் புதிதாக எடுக்காமலே ஏறலாம். 'கடைசி பத்து நிமிடத்தில் ஜெயிக்கத் தெரிந்த அணி' என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. நம்பகமான கோல் உதைப்பவரும் பலமான பெஞ்சும் நெருக்கமான ஆட்டங்களில் உதவும்தான். ஆனால் வர்ணனையாளர்கள் அதற்குக் கொடுக்கும் மரியாதையில் கால் பங்கு கொடுத்தால் போதும்.

ஸ்கோர் வித்தியாசத்துக்கும் ஒரு பொறி உண்டு. 2025 ஏப்ரலில் குளோஸ்டர், எக்ஸிட்டர் சீஃப்ஸை 79-17 என்று நொறுக்கியது. அந்த ஓர் ஆட்டத்தின் 62 ஸ்கோர் வித்தியாசத்தை 18 ஆட்டங்களுக்குப் பரப்பினால், ஆட்டத்துக்கு மூன்றரை ஸ்கோர் வருகிறது. ஒரே ஒரு பிற்பகல் எக்ஸிட்டரை அவ்வளவு பலவீனமாகவும் குளோஸ்டரை அவ்வளவு பலமாகவும் காட்டிவிடும். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு விழும் ட்ரைகளுக்குப் பலத்தோடு அவ்வளவு சம்பந்தம் இல்லை. அதனால் பெரிய வித்தியாசங்களை ஓர் அளவுக்கு மேல் எண்ணாமல் விட்டுவிடுவார்கள்.

## ரேட்டிங் எப்படி ஓடுகிறது

இந்தச் சிந்தனைகளை ஒரு சூத்திரத்துக்குள் அடைப்பதுதான் ரேட்டிங் முறை. சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ உருவாக்கிய முறையின் வாரிசுகள்தான் பெரும்பாலானவை. தேசிய அணிகளுக்கு வேர்ல்டு ரக்பி பயன்படுத்தும் தரவரிசை பகிரங்கமாக உள்ள எளிய உதாரணம்:

1. சொந்த மைதான அணியின் ரேட்டிங்கோடு 3 சேர்க்கப்படும்.
2. இரு அணிகளும் 80 என்றால், சொந்த மைதான அணி ஜெயித்தால் அதற்கு 0.7 கூடும், எதிரணிக்கு 0.7 குறையும். வெளியூர் அணி ஜெயித்தால் 1.3 கைமாறும்.
3. 15 ஸ்கோருக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கைமாறுவது ஒன்றரை மடங்கு. அதன் பிறகு 20இல் ஜெயித்தாலும் 60இல் ஜெயித்தாலும் ஒன்றே.
4. ரேட்டிங் இடைவெளி 10ஐத் தாண்டினால், பலமான அணி ஜெயித்து எதையும் பெறாது.

கிளப்புகளுக்கான கணிப்பு மாதிரிகளும் இதே எலும்புக்கூட்டைத்தான் எடுத்துக்கொள்கின்றன, எண்களை மாற்றிக்கொண்டு. கூடுதலாக ஒன்று செய்வார்கள்: இரண்டு சீசன்களுக்கு நடுவே எல்லா ரேட்டிங்கையும் லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் நகர்த்துவார்கள். எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் கணிப்பாளர்கள் பிரிகிறார்கள். இந்த முறைக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கோடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அதற்கு எட்டாது.

## கோடையில் மாறுபவை

1. ஆட்கள். ரக்பியில் கால்பந்து போலப் பெரும்பணம் கொடுத்து ஒப்பந்தத்தின் நடுவே ஆளைத் தூக்குவது குறைவு. ஒப்பந்தம் முடிந்து நகர்வதே வழக்கம். அதனால் அடுத்த சீசனில் யார் எங்கே என்பது நடப்பு சீசன் முடியுமுன்பே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். நார்த்தாம்ப்டன் 2024இல் கோப்பை வென்றபோதே கோர்ட்னி லாஸ் பிரான்சின் பிரீவுக்கும், கேப்டன் லூயிஸ் லட்லம் டூலோனுக்கும் போவது தெரிந்த செய்தி. முன்வரிசையில் ப்ராப் இடத்தில் நீண்ட காலம் ஆடிய அலெக்ஸ் வாலர் ஓய்வு பெற்றார். அவ்வளவும் ஃபார்வர்டு பக்கமே, அதாவது பந்துக்காக முட்டி மோதும் ஆட்கள். அடுத்த ஆண்டின் சரிவை யாரும் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் திசை தெரிந்துதான் இருந்தது.

ஏன் பிரான்சுக்கே போகிறார்கள்? பிரீமியர்ஷிப் சம்பள உச்சவரம்பு 2021-22 முதல் மூன்று சீசன்களுக்கு 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாக வெட்டப்பட்டு, 2024-25இல்தான் திரும்ப ஏறியது. டாப் 14இன் உச்சவரம்பு ஒரு கோடியே 7 லட்சம் யூரோ. வெளிநாட்டில் ஆடுபவரை இங்கிலாந்து அணிக்கு விதிவிலக்கான சூழலில் மட்டுமே எடுப்பார்கள் என்பதால், தேசிய அணி ஆசை முடிந்தவர்களும் அதைக் கைவிடத் துணிந்தவர்களும் முதலில் நகர்கிறார்கள். அனுபவசாலிகளும் ஆட்டத்தின் உச்சத்தில் இருப்பவர்களுமே இப்படிப் போவதால் இழப்பு பெரிது.

எல்லா இடமும் ஒரே எடை அல்ல. ஆட்டத்தை வழிநடத்தும் ஃபிளை-ஹாஃபும் முன்வரிசையின் வலப்பக்கத்தைத் தாங்கும் டைட்ஹெட் ப்ராப்பும் போனால் வலிக்கும், ஓரத்தில் ஓடும் விங்கர் போனால் சமாளிக்கலாம். 23 பேர் கொண்ட ஆட்ட அணியில் முன்வரிசைக்கு மட்டும் மூன்று மாற்று ஆட்கள் கட்டாயம், அதனால் ஸ்க்ரம்மில் (இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளுவது) ஆழம் இல்லாத கிளப் குளிர்காலத்தில் திணறும். இன்னொரு பக்கம், 2025 மார்ச்சில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஆன்டுவான் டுபோனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. உலகின் சிறந்த வீரர் என்று பலரும் சொல்லும் ஆள். அவர் இல்லாமலே அவருடைய கிளப் டூலூஸ் ஜூனில் போர்தோவைக் கூடுதல் நேரத்தில் 39-33 என்று வென்று தொடர்ந்து மூன்றாம் முறையாக டாப் 14ஐ எடுத்தது. நட்சத்திரத்தின் பெயரைவிட, அவருக்கு அடுத்து நிற்பவரின் பெயரைக் கேட்பதுதான் உபயோகம்.

2. பயிற்சியாளர். ஜோஹன் வான் கிரான் 2022இல் பாத்துக்கு வந்தார். அடுத்தடுத்து 8ஆம் இடம், இறுதிப் போட்டித் தோல்வி, கோப்பை. 2020 கோடையில் ஸ்டீவ் போர்த்விக் லெஸ்டருக்கு வந்தபோது அது 11ஆம் இடத்து அணி. பிறகு 6, பிறகு சாம்பியன். இரண்டிலும் ஏற்றம் படிப்படியானது. புதுப் பயிற்சியாளரை நம்பி முதல் சீசனிலேயே உச்சத்தில் வைக்கும் கணிப்பு அவசரப்படுகிறது. கிளப்புகள் பயிற்சியாளரை மாற்றுவது அடிமட்டத்தில் கிடக்கும்போது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, யார் வந்திருந்தாலும் நடந்திருக்கும்.

இறங்குவது மட்டும் வேகமாக நடக்கும். க்ரூசேடர்ஸுக்கு ஏழு சீசன்களில் ஏழு பட்டங்கள் கொடுத்த பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் 2023க்குப் பிறகு நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்குப் போனார். வீரர்களில் ரிச்சி மோங்கா ஜப்பானுக்கும் சாம் வைட்லாக் பிரான்சுக்கும் போனார்கள். மூவரும் ஒரே கோடையில். க்ரூசேடர்ஸ் 12 அணிகளில் 9ஆவது. புதுப் பயிற்சியாளர் ராப் பென்னியை நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, கிளப் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவரே கோப்பையைக் கொடுத்தார்.

3. தேசிய அணியின் அழைப்பு. நல்ல அணி என்பதற்கான தண்டனை இது. ஆறு ஐரோப்பிய தேசிய அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடர் நடக்கும் வாரங்களிலும் டாப் 14 ஆட்டங்கள் வைக்கும். அந்தச் சுற்றுகளுக்கு டூப்ளோன் என்று பெயர். தேசிய அணிக்கு எட்டுப் பேரைக் கொடுத்த கிளப், யாரையும் கொடுக்காத கிளப்பிடம் அடி வாங்கும் வாரங்கள் அவை. 2025இல் ஆஸ்திரேலியா போன பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணி) அணியில் முதலில் அறிவித்த 38 பேரில் 12 பேர் அயர்லாந்தின் லீன்ஸ்டர் கிளப் ஆட்கள். திரும்பியவர்களுக்கு ஓய்வு கட்டாயம். செப்டம்பர் இறுதியில் முதல் சுற்றில் கேப் டவுனில் ஸ்டோர்மர்ஸிடம் லீன்ஸ்டர் 35-0 என்று தோற்றது. அதற்கு மூன்று மாதம் முன்பு அதே லீன்ஸ்டர்தான் யு.ஆர்.சி. சாம்பியன்.

4. ஆட்ட அட்டவணை. பிரீமியர்ஷிப்பில் எல்லோரும் எல்லோரோடும் இரு முறை ஆடுவதால் இதில் சிக்கல் இல்லை. யு.ஆர்.சி.யில் உண்டு. ஓர் அணி தன் வட்டாரக் குழுவின் 3 அணிகளோடு இரண்டிரண்டு முறையும், மற்ற 12 அணிகளோடு ஒரே முறையும் ஆடும். அயர்லாந்தின் கானக்ட், லீன்ஸ்டரை இரண்டு முறை சந்திக்க வேண்டும். ஸ்காட்லாந்து அணிகளுக்கு அந்த இரண்டாவது ஆட்டம் இத்தாலியின் ஜெப்ரேயோடு. அப்புறம், ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்கப் பயணம் எந்த வாரத்தில் விழுகிறது என்பதும் கணக்கில் வரும்.

## சதவீதத்தைப் படிப்பது எப்படி

மாதிரிகள் ரேட்டிங்கை வைத்து முழு சீசனையும் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்க்கும். 10,000 முறை ஆடியதில் ஓர் அணி 4,000 முறை முதல் நான்கில் வந்தால், அதன் வாய்ப்பு 40 சதவீதம். 40 என்று சொன்ன அணி வரவில்லை என்றால் கணிப்பு தோற்றது என்று ஆகாது. அந்தக் கணிப்பாளர் 40 என்று சொன்ன எல்லா அணிகளையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துக்கு நான்கு பலித்தால் ஆள் நம்பகமானவர். ஒன்பது பலித்தால் அவரும் தவறுதான், தேவையில்லாமல் தயங்குகிறார்.

கோப்பைக்கு இது இன்னும் கடுமை. ஓர் அணி மற்ற எல்லோரையும்விடத் தெளிவாகப் பலமானது, அரையிறுதியை வெல்ல 65 சதவீதம், இறுதியை வெல்ல 60 சதவீதம் என்று வைப்போம். இரண்டையும் பெருக்கினால் 39. அதாவது லீக்கின் மிகச் சிறந்த அணி கோப்பை வெல்லாமல் போவதே அதிக வாய்ப்பு. 2023இல் யு.ஆர்.சி. பட்டியலில் 5ஆவதாக வந்த அயர்லாந்தின் மன்ஸ்டர், கிளாஸ்கோவில் காலிறுதி, டப்ளினில் லீன்ஸ்டரோடு 16-15 என்று அரையிறுதி, கேப் டவுனில் இறுதி என மூன்றையும் வெளியூரில் ஜெயித்துக் கோப்பையோடு திரும்பியது. நார்த்தாம்ப்டனும் உள்நாட்டில் 8ஆவதாக முடித்த அதே 2025இல், டப்ளினில் லீன்ஸ்டரை 37-34 என்று வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதிவரை போனது. ஆகவே 'யார் சாம்பியன்' என்பதைவிட 'யார் நாக்-அவுட்டுக்குள்' என்ற கேள்விக்குத்தான் கணிப்பாளர்களிடம் உருப்படியான பதில் இருக்கும்.

ஏறி வரும் அணிகளை மாதிரிகள் இன்னும் தடுமாறியே எடை போடுகின்றன. 2025இல் புரோ டி2 பட்டியலில் முதலிடம் பிடித்தது கிரெனோபிள். ஏறியதோ 6ஆம் இடத்திலிருந்து நாக்-அவுட் வழியாக வந்த மொந்தோபான். அதற்கு முந்தைய ஆண்டு ஏறிய வான் என்ற கிளப், ஒரே சீசனில் திரும்ப இறங்கிவிட்டது. கீழே உள்ள லீக்கின் ஸ்கோரை மேலே உள்ள லீக்கின் அளவுக்கு மாற்ற நம்பகமான தராசு கிடையாது. இரு லீக் அணிகளும் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்கள் மிகக் குறைவு.

## மைதானத்துக்கு வெளியே

2020 அக்டோபரில் பிரீமியர்ஷிப் இறுதிப் போட்டி ஆடிய வாஸ்ப்ஸ், சரியாக இரண்டு ஆண்டுகளில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதே 2022 இலையுதிர் காலத்தில் வூஸ்டர் வாரியர்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். ஆட்டத்தைப் பார்த்து யாரும் இதைக் கணித்திருக்க முடியாது. கடன் கணக்கையும் உரிமையாளரின் நிலையையும் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். சாரசென்ஸ் கதை வேறு வகை. 2019 சாம்பியன், சம்பள உச்சவரம்பை மீறியதற்காக அடுத்த சீசனில் மொத்தம் 105 புள்ளிகள் கழிக்கப்பட்டு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஸ்கோர் வித்தியாசத்தில் இதெல்லாம் தெரியாது. தணிக்கை அறிக்கை, வரி பாக்கி, சம்பளம் தாமதமான செய்தி ஆகியவற்றுக்குக் கணிப்பில் தனி வரி ஒதுக்க வேண்டும்.

மேலிருந்து கீழே இறங்கும் பயம் உள்ளதா இல்லையா என்பதும் பணத்தோடு சேர்ந்த விஷயம். பாத் கடைசியாக வந்த 2021-22இல் இங்கிலாந்தில் இறக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வான் கிரானுக்குப் பொறுமையாகக் கட்டியெழுப்ப நேரம் கிடைத்தது அதனால்தான். அதே இடம் பிரான்சில் என்றால் நேராகப் புரோ டி2. 2022இல் டாப் 14ஐ வென்ற மோன்பெலியே, 2024இல் 13ஆவதாக வந்து, கிரெனோபிளை 20-18 என்று வென்றுதான் தப்பித்தது. அங்கே கீழே தத்தளிக்கும் கிளப்புகள் சீசன் நடுவே, காயமடைந்தவருக்குப் பதிலாக 'மருத்துவ ஜோக்கர்' என்ற விதியின் கீழ் புது ஆட்களை இறக்குவார்கள். ஆகஸ்டில் எழுதிய கணிப்பை ஜனவரியில் திருத்தியாக வேண்டிய லீக் அது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது 2027-28 சீசன். ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை. டூலூஸ், லீன்ஸ்டர் போன்ற, தேசிய அணிகளுக்கு ஆட்களை அள்ளிக் கொடுக்கும் கிளப்புகளுக்கு அந்த இலையுதிர் காலத்தில் இரண்டாம் வரிசைதான் கையில் இருக்கும். அந்த இரண்டாம் வரிசை எப்படி என்று பார்க்க உலகக் கோப்பை வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முந்தைய பிப்ரவரி, மார்ச் ஆட்டங்களே காட்டிவிடும்.